மலையில் எடுத்த வீடியோவின் அளவைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் கல்யாணம், கோயில் திருவிழா, தோட்ட வேலை, ஹோம்ஸ்டே விளம்பரம் என்று வீடியோ எடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. 'இந்த எண்ணைப் போடுங்கள், போதும்' என்று பொதுவாகச் சொல்லப்படும் அமைப்புகள் மலைக் காட்சிகளில் பல நேரம் சொதப்புகின்றன. பனி, இலை, மழை மூன்றும்தான் காரணம். அதனால் அவற்றைப் பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

சில நிமிட வீடியோ இவ்வளவு இடம் பிடிப்பது ஏன்?

ஃபைலின் அளவு என்பது பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிக்குச் செலவாகும் தகவலின் அளவை, நேரத்தால் பெருக்கினால் வருவது. வேறு ரகசியம் எதுவும் இல்லை. பிட்ரேட்டை மெகாபிட்டில் சொல்கிறார்கள், ஃபைலை மெகாபைட்டில் சொல்கிறார்கள். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 50 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 50 மெகாபிட்) பதிவாகும் கேமராவில் ஒரு நிமிடத்துக்கு 50 × 60 ÷ 8, அதாவது 375 எம்பி.

ஐபோனின் கேமரா செட்டிங்ஸிலேயே கணக்கு எழுதியிருக்கும்: 4கே 30 பிரேமில் (நொடிக்கு 30 படம்) நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி, 4கே 60 பிரேமில் 400 எம்பி, 1080பி 30 பிரேமில் 60 எம்பி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மலை ரயிலில் ஏறும் 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். அதை முழுக்க 4கே 30-இல் எடுத்தால் 51 ஜிபி. 1080பி 30-இல் எடுத்தால் 18 ஜிபி. போனில் மட்டும் பார்க்கப் போகும் வீடியோ என்றால், பிறகு உட்கார்ந்து சுருக்குவதைவிட முதலிலேயே 1080பி-யில் எடுத்துவிடலாம்.

ஜிப் செய்தால் குறையுமா?

குறையாது. வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்ட பொருள். பல ஃபைல்களை ஒரே கட்டாக அனுப்ப மட்டும் ஜிப் உதவும்.

சுருக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது எது?

வெட்டுவது. 12 நிமிட வீடியோவில் தேவையானது 4 நிமிடம் என்றால், மீதியை நீக்கியதுமே தரம் துளியும் குறையாமல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். இதற்கு லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் போதும். படத்தை மறுபடி என்கோடு செய்யாமல் (புதிதாகச் சுருக்கி எழுதாமல்) அப்படியே நறுக்கித் தருவதால் சில நொடிகளில் வேலை முடியும். ஒரு சிக்கல் உண்டு. கீபிரேம் (முழுதாகச் சேமிக்கப்பட்ட பிரேம்) இருக்கும் இடத்தில்தான் அது சுத்தமாக வெட்டும். நீங்கள் குறித்த இடத்துக்கு ஓரிரு நொடி முன்னதாகத் துண்டு தொடங்கினால் அதனால்தான். கொஞ்சம் தாராளமாக விட்டு வெட்டுங்கள்.

கணினியில் சுருக்க எந்த மென்பொருள்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஹேண்ட்பிரேக். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

1. ஃபைலை உள்ளே இழுத்துப் போட்டு, ப்ரீசெட்டில் 'ஃபாஸ்ட் 1080பி30' தேர்ந்தெடுங்கள். ஃபார்மேட் எம்பி4. இணையதளத்தில் போடுவதாக இருந்தால் 'வெப் ஆப்டிமைஸ்டு' டிக் செய்யுங்கள். முழுதும் இறங்கும்வரை காத்திருக்காமல் படம் ஓடத் தொடங்கும்.

2. வீடியோ டேபில் என்கோடர் (சுருக்கும் முறை) எச்.264 (எக்ஸ்264). பிரேம்ரேட் 30, பக்கத்திலேயே 'கான்ஸ்டன்ட்' தேர்வு.

3. 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' ஸ்லைடரில் ஆர்எஃப் (தர அளவு எண்) 22. எண் குறைந்தால் தரம் கூடும், அளவும் கூடும். 1080பி-க்கு 20 முதல் 24 வரை, 4கே-க்கு 22 முதல் 28 வரை புழங்கும் எல்லை. ஏறத்தாழ 6 எண் கூட்டினால் அளவு பாதியாகும்.

4. என்கோடர் ப்ரீசெட்டை 'ஃபாஸ்ட்' என்பதிலிருந்து 'ஸ்லோ'வுக்கு நகர்த்துங்கள். நேரம் கூடும், ஆனால் கொடுக்கும் பிட்டுகளைச் சிக்கனமாகச் செலவழிக்கும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

5. ஆடியோ ஏஏசி, ஸ்டீரியோ, 128 கேபிபிஎஸ். பேச்சு மட்டும் என்றால் 96 போதும்.

முழு வீடியோவையும் ஓடவிடுவதற்கு முன் 'ரேஞ்ச்' பெட்டியில் செகண்ட்ஸ் என்று மாற்றி, படத்திலேயே மிகச் சிரமமான 30 நொடியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். சிரமமானது எது என்பதுதான் அடுத்த கேள்வி.

ஒரே செட்டிங்ஸ், ஒரே 5 நிமிடம். தூண் பாறையைப் பனி மூடும் காட்சி 60 எம்பி, ரயில் ஜன்னலிலிருந்து எடுத்தது 500 எம்பி. ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?

இல்லை. மென்பொருள் ஒவ்வொரு பிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. முந்தைய பிரேமிலிருந்து எது நகர்ந்தது, எது புதிது என்பதை மட்டும் எழுதி வைக்கும். பனி மெதுவாக நகரும், அதில் கூர்மையான விளிம்புகளும் இல்லை. எழுத வேண்டியது கொஞ்சம்தான். ரயில் ஜன்னலுக்கு வெளியே கிட்டத்து இலை ஒரு வேகத்திலும் தொலைவு மலை வேறு வேகத்திலும் ஓடும். இலைகளுக்கு நடுவே வெளிச்சம் மினுக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையின் அதிர்வு கையிலுள்ள போனுக்கும் வரும். வழியில் 16 சுரங்கங்கள் வேறு. ஒவ்வொன்றிலும் நுழையும்போது படம் இருண்டு புள்ளி புள்ளியாகிவிடும், வெளியே வந்ததும் வெளுக்கும். பழைய பிரேமைப் பார்த்து ஊகிக்க முடியாத இடத்தில் எல்லாம் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

போன் எல்லாக் காட்சிக்கும் ஏறக்குறைய ஒரே பிட்ரேட் கொடுப்பதால் ஒரிஜினல் ஃபைல்கள் ஒரே அளவாகத் தெரியும். ஆர்எஃப் முறையில் சுருக்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். சிரமமான காட்சிகளைத் தோராயமாக வரிசைப்படுத்தினால்: சாரல் மழை, அருவி, காற்றில் ஆடும் கற்பூர மரமும் புல்வெளியும், ஓடும் வண்டியிலிருந்து எடுத்த சோலைக்காடு. கவாத்து செய்த தேயிலைச் செடி அவ்வளவாக ஆடாது. ட்ரைபாடில் வைத்துக் கொழுந்து பறிப்பதை எடுத்தால் அளவு அழகாகக் குறையும்.

ரயில் காட்சிக்கு என்ன செய்யலாம்? முதலில் எடிட்டிங் மென்பொருளில் அதிர்வை நீக்குங்கள், பிறகு சுருக்குங்கள். ஆர்எஃப் 24 வரை ஏற்றலாம். ஓடும் இலையில் கண் நுணுக்கம் தேடாது. 60 பிரேமில் எடுத்திருந்தால் 30-க்கு இறக்குங்கள். அப்போதும் பெரிதாக இருந்தால் 1080பி-யைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்காமல் 720பி-க்குப் போய்விடுங்கள். பிட் பற்றாத 1080பி கட்டம் கட்டமாக உடையும். அதே பிட்ரேட்டில் 720பி லேசாக மங்கலாகத்தான் தெரியும், அது கண்ணுக்கு உறுத்தாது.

அப்படியென்றால் பனிக் காட்சி சுலபம்தானே?

அளவில் சுலபம், தரத்தில் அதுதான் மோசமாக மாட்டிவிடும். சுருக்கிய பனியில் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண 8-பிட் வீடியோவில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள்தான். பனி மூடிய பள்ளத்தாக்கில் அவற்றில் ஒரு 40 படிகள் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1920 புள்ளி அகலத்தில் அவை பரவினால் ஒவ்வொரு படியும் 48 புள்ளி அகலப் பட்டை. ஒரிஜினலில் கேமராவின் மெல்லிய புள்ளிகள் இந்த விளிம்புகளை மறைத்திருக்கும். சுருக்கும்போது முதலில் துடைக்கப்படுவது அந்தப் புள்ளிகள்தான்.

எனவே பனி உள்ள துண்டுகளுக்கு ஆர்எஃப்பை 2 அல்லது 3 குறையுங்கள், 22 இருந்த இடத்தில் 19 அல்லது 20. பார்ப்பவரின் கருவி புதிது என்றால் 'எச்.265 10-பிட்' என்கோடரை (எச்.264-க்கு அடுத்து வந்த முறை) பயன்படுத்துங்கள். மூலம் 8-பிட்டாக இருந்தாலும், சுருக்கும்போது புதிதாக உருவாகும் பட்டைகள் குறையும். நாய்ஸ் நீக்கும் ஃபில்டரைப் பனியில் போடவே போடாதீர்கள். பனியை விலக்கும் 'டிஹேஸ்' எஃபெக்ட் வேண்டுமென்றால் ஒரிஜினலில் போடுங்கள். சுருக்கியதன் மேல் போட்டால் பட்டைகள்தான் பளிச்சென்று வெளியே வரும்.

வெள்ளை உடையும் இதே கதைதான். ஹெத்தை அம்மன் திருவிழாவில் வெள்ளை உடுத்திய படகர் ஊர்வலத்தைப் பனிக்கு நடுவே எடுத்தால் துணியின் மடிப்புகள் கரைந்துவிடும். எடுக்கும்போதே எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கி, முகமும் துணியும் தனித்தனியாகத் தெரியும்படி வையுங்கள். வெளுத்துப்போனதை எந்த ஆர்எஃப்பும் திருப்பித் தராது.

தோடர்களின் பூத்துக்குளி சால்வையை எடுத்தேன். சுருக்கியபின் சிவப்புத் தையல் மட்டும் கலங்கித் தெரிகிறது.

பெரும்பாலான வீடியோக்களில் வெளிச்சத் தகவல் ஒவ்வொரு புள்ளிக்கும் உண்டு, நிறத் தகவல் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான். கறுப்புத் தையலின் விளிம்பை வெளிச்சத் தகவல் காப்பாற்றும். அடர் சிவப்பின் விளிம்பு பெரும்பாலும் நிறத் தகவலை நம்பி நிற்பதால் கலங்கும். இப்படிப்பட்ட நெருக்கக் காட்சியை 4கே-யில் எடுத்து 1080பி-க்கு மட்டும் இறக்குங்கள். 480பி-க்குப் போகாதீர்கள்.

இரவு மண்டபத்தில் எடுத்தது ஏன் இவ்வளவு பெரிது? ஒன்றும் அசையவே இல்லையே.

கண்ணுக்கு அசையவில்லை, புள்ளிகள் அசைகின்றன. இருட்டில் கேமரா ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறனை) ஏற்றியதும் ஒவ்வொரு பிரேமிலும் புதிய புள்ளிக் கூட்டம் வரும். பாதி பிட்டுகளை அவையே தின்றுவிடும். ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர்ஸ் டேபில் டீநாய்ஸ் 'என்எல்மீன்ஸ்', அளவு 'லைட்' போடுங்கள். நேரம் பல மடங்கு ஆகும், பலனும் கண்ணெதிரே தெரியும். 'ஸ்ட்ராங்' போட்டால் மணமகள் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும்.

இன்னொரு காரணம் விளக்கின் மினுக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் 1/60-இல் இருந்தால் சில டியூப்லைட், எல்இடி விளக்குகளில் பிரேமுக்குப் பிரேம் வெளிச்சம் மாறும். சுருக்கும் மென்பொருளுக்கு அது முழுப் படமும் மாறியதாகத்தான் தெரியும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 வையுங்கள்.

ஒரு போட்டிக்கு '100 எம்பிக்குள்' என்கிறார்கள். என் படம் 10 நிமிடம்.

இங்கே ஆர்எஃப் உதவாது, கணக்குப் போட வேண்டும். 100 எம்பி என்பது 800 மெகாபிட். 600 நொடியால் வகுத்தால் 1.33 எம்பிபிஎஸ், அதாவது 1,333 கேபிபிஎஸ். ஆடியோவுக்கு 96 கழித்தால் 1,237. சற்று இடம்விட்டு 1,180 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ டேபில் 'ஆவரேஜ் பிட்ரேட்' தேர்ந்தெடுத்து 1180 எழுதி, 'மல்டி-பாஸ்' டிக் செய்யுங்கள். முதல் சுற்றில் எங்கே பிட் தேவை என்று அளந்து, அடுத்த சுற்றில் அதற்கேற்பப் பங்கிடும். இந்தப் பிட்ரேட்டுக்கு 720பி-தான் பொருத்தம். படம் 20 நிமிடம் என்றால் இதில் பாதிதான் கிடைக்கும். அப்போது படத்தைக் குறைப்பதே நல்லது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கிவிடுகிறதே?

வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் மறுபடி சுருக்கும். எச்டி பொத்தானை அழுத்தினாலும் சுருக்கம் உண்டு, கொஞ்சம் குறைவாக. அட்டாச் செய்யும்போது 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும், எல்லை 2 ஜிபி. டெலிகிராமிலும் இலவசக் கணக்குக்கு 2 ஜிபி வரை ஃபைலாக அனுப்பலாம். ஜிமெயிலில் 25 எம்பி தாண்டினால் டிரைவ் இணைப்பாக மாறிவிடும். இலவசக் கணக்கின் மொத்த இடம் 15 ஜிபி என்பதும் நினைவிருக்கட்டும்.

டாக்குமென்டாக அனுப்பும்போது எடுத்த இடத்தின் குறிப்பும் ஃபைலோடு சேர்ந்து போகலாம். சோலையில் அரிய ஆர்க்கிட் பூத்த இடத்தை எடுத்தவர்கள், கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை முன்கூட்டியே அணைத்து வைப்பது நல்லது.

அனுப்ப ஆகும் நேரத்தையும் கணக்குப் பாருங்கள். அப்லோடு வேகம் 2 எம்பிபிஎஸ் கிடைக்கும் ஊரில் 1 ஜிபி போக 67 நிமிடம். 5 எம்பிபிஎஸ் என்றால் 27 நிமிடம்.

யூடியூபுக்கும் இதே அளவு சுருக்கலாமா?

வேண்டாம். யூடியூப் எப்படியும் தன் பங்குக்குச் சுருக்கும். நீங்கள் கொடுப்பது நன்றாக இருந்தால்தான் அது தருவதும் நன்றாக இருக்கும். 30 பிரேம் 1080பி-க்கு 8 எம்பிபிஎஸ், 4கே-க்கு 35 முதல் 45 என்பது அவர்களே பரிந்துரைப்பது. பனி, இலைக் காட்சிகளுக்கு இதைவிடக் கூடுதலாகவே கொடுங்கள்.

எடிட்டிங்கில் 4கே திக்கித் திணறுகிறது. சுருக்கிவிட்டு எடிட் செய்யலாமா?

அதிகம் நடக்கும் தப்பு இதுதான். எச்.265 போன்றவற்றில் ஒரு பிரேமைக் காட்ட, அதற்கு முந்தைய கீபிரேமிலிருந்து எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். ஃபைல் சிறிதானாலும் அந்த வேலை குறையாது. எடிட்டிங்குக்கு வேண்டியது பிராக்ஸி, அதாவது எடிட் செய்யும்போது மட்டும் ஒரிஜினலுக்குப் பதிலாக ஓடும் நகல். அதில் ஒவ்வொரு பிரேமும் தனித்து நிற்கும்.

டாவின்சி ரிசால்வில் மீடியா பூலில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், 'ஜெனரேட் பிராக்ஸி மீடியா'. ப்ரீமியரில் 'பிராக்ஸி' மெனுவில் 'கிரியேட் பிராக்ஸிஸ்'. விநோதம் என்னவென்றால், புரோரெஸ் (எடிட்டிங்குக்கான ஆப்பிளின் முறை) பிராக்ஸி 1080பி 30 பிரேமுக்கு 45 எம்பிபிஎஸ், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 340 எம்பி. ஐபோனின் 4கே ஒரிஜினலைவிட இரு மடங்கு பெரிது, ஆனால் டைம்லைனில் வழுக்கிக்கொண்டு ஓடும். டிஸ்கில் இடமில்லை என்றால் பாதி ரெசல்யூஷனில் எடுங்கள், ஏறத்தாழ கால் பங்காகும். கடைசியில் ரெண்டர் செய்யும்போது 'யூஸ் பிராக்ஸி மீடியா' டிக் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் கல்யாண ஆல்பம் முழுக்க பிராக்ஸித் தரத்தில் வெளியே வரும்.

போன் வீடியோவில் உதடும் குரலும் போகப் போக விலகினால் காரணம் வேறு. இருட்டில் போன் பிரேம்ரேட்டைத் தானாகக் குறைத்து ஏற்றும். மேலே இரண்டாம் படியில் சொன்ன 'கான்ஸ்டன்ட்' போட்டு, ஆர்எஃப் 16 அளவில் ஒருமுறை மாற்றி, அதை எடிட்டிங்கில் சேருங்கள்.

எச்.264-ஆ, எச்.265-ஆ?

அதே தரத்துக்கு எச்.265 மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இடம் மிச்சம் பிடிக்கும். சேமித்து வைக்க அது. லாட்ஜ் டிவி, பள்ளி புரொஜெக்டர், பழைய லேப்டாப் என்று எங்கே ஓடும் எனத் தெரியாமல் கொடுப்பதற்கு எச்.264 8-பிட், எம்பி4. ஒலி மட்டும் கேட்டுப் படம் வரவில்லை என்ற புகாரில் பெரும்பாலும் எச்.265-தான் மாட்டும்.

'என்வென்க்', 'குயிக்சிங்க்' (கிராபிக்ஸ் சிப்பே சுருக்கும் முறைகள்) போட்டால் வேகமாக முடிகிறதே?

முடியும். அதே தரத்துக்கு ஃபைல் பெரிதாகும். அவசரத்துக்குப் பரவாயில்லை.

64 ஜிபி பென்டிரைவில் 5 ஜிபி வீடியோ ஏறவில்லை.

அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அதில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதைப் பத்திரப்படுத்திவிட்டு எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யுங்கள். டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்காவிட்டால் லாஸ்லெஸ்கட்டில் இரண்டாக வெட்டிக் கொடுங்கள்.

பாதியில் கரண்ட் போய்விட்டது. வந்த எம்பி4 திறக்கவே இல்லை.

எம்பி4-இன் அட்டவணை (எந்தப் பிரேம் ஃபைலில் எங்கே என்ற குறிப்பு) வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். அது எழுதப்படும் முன் நின்றால், 95 சதவீதம் முடிந்திருந்தாலும் ஃபைல் பயனில்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மழைக்கு நடுவே வேலை செய்பவர்கள் ஹேண்ட்பிரேக்கில் ஃபார்மேட்டை எம்கேவி என்று வைத்துக்கொள்ளலாம். நின்ற இடம் வரை ஓடும். முழுதும் முடிந்ததும் லாஸ்லெஸ்கட்டில் எம்பி4-ஆக மாற்றினால் சில நொடி வேலை, தரம் குறையாது.

கேமராவே பாதியில் அணைந்தால் கதை வேறு. மார்கழிக் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும், மாற்றுப் பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்திருப்பதுதான் வழி. உடைந்த ஃபைலை அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவியால் மீட்க முயலலாம். அதற்கு அதே கேமராவில், அதே செட்டிங்ஸில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்று தேவை. அதனால் கார்டை உடனே அழித்துவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த மங்கல் வீடியோவை மறுபடி தெளிவாக்க முடியுமா?

முடியாது. ஆர்எஃப் 15 போட்டு மறுபடி மாற்றினால் மங்கலே பெரிய ஃபைலாகக் கிடைக்கும். எடுத்தவரிடம் ஒரிஜினல் இருக்கிறதா என்று கேட்டு, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.